ஆங்கிலோசிஸ்

கேள்வி: எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் 'ஆங்கிலோசிஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலம் அதிகம் பேசினால் வருகிற வியாதியா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அப்படியென்றால் பாதிச் சென்னை படுக்கையில் கிடக்கும்! மூட்டில் எலும்போடு எலும்பு ஒட்டி, மடக்கவும் நீட்டவும் முடியாமல் இறுகிப்போவதுதான் ஆங்கிலோசிஸ். நடுவே நார்த்திசு வளர்ந்து இறுக்கினாலும் இதே பெயர்தான். பல் தாடையெலும்போடு ஒட்டிக்கொண்டால் பல் டாக்டரும் இதையே சொல்வார். கிரேக்கத்தில் 'ஆங்கிலோஸ்' என்றால் வளைந்தது. யானைப்பாகனின் அங்குசமும் அதே வேர்ச்சொல்லின் வம்சம் என்கிறார்கள் மொழியியலார். வளைந்ததற்கு வைத்த பெயர், வளையாததற்கு வந்து சேர்ந்திருக்கிறது!

தானாக ஒட்டினால்தான் ஆங்கிலோசிஸ். வலி தீர சர்ஜனே ஒட்டவைத்தால் ஆர்த்ரோடெசிஸ். பில் தனி.

இதே பெயரைச் சுமக்கும் முதுகு மூட்டுவாதமான 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' முற்றினால் முதுகெலும்பு எக்ஸ்ரேயில் மூங்கில் கழிபோலத் தெரியும். பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கிவிடும். சாதாரண முதுகுவலி படுத்தால் குறையும். இது படுத்தால் கூடும், நடமாடினால் குறையும். காலையில் முதுகு மரக்கட்டையாக இறுகி, 3 மாதத்துக்கு மேலும் விடவில்லையென்றால், எனக்குக் கடிதம் எழுதாமல் மூட்டுவாத டாக்டரைப் பாருங்கள்.