தலைக்கா, தாளிக்கவா?

சோற்றைப் பிசைந்து முதல் கவளம் எடுக்கிற நேரம் பார்த்துத்தான் அந்த அழைப்பு வரும். எடுத்தால் பதிவு செய்த பெண் குரல். “வணக்கம். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.” இந்த வீட்டில் என்னிடம் யாரும் சொல்லாத வாக்கியம் என்பதால் நான் வைத்துவிடுவதில்லை.

கேள்வி எளிது, பதில் சொல்வதுதான் சர்க்கஸ். எண்ணை அழுத்த ஃபோனைக் காதிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் திரையில் எண்களைக் காணோம். அவற்றை வரவழைக்க ஒரு மூலையைத் தொட வேண்டும். வலது கையில் ரசம். இடது கைக் கட்டைவிரலால் துழாவி எண்கள் வருவதற்குள் அம்மணி அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். அன்று அந்த அடுத்த கேள்வி இது: “ஜிஎஸ்டி வரிச் சீர்திருத்தத்தால் உங்கள் குடும்பம் பயன் அடைந்துள்ளதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2, கருத்து இல்லை என்றால் 3.”

எனக்கு மூன்றுமே உண்டு. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 18 சதவீத வரி போய்விட்டது, ஆகவே 1. ஓட்டல் பில்லில் முன்பு இருந்த 5 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது; ஆகவே 2. பாப்கார்ன் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் அரசுக்கு இருந்தது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் பிறகு வந்த விளக்கப்படி, உப்பும் மசாலாவும் போட்டு உதிரியாக விற்றால் 5 சதவீதம், அதையே பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 12, சர்க்கரைப் பாகு பூசினால் 18. வெடித்த சோளத்துக்கு அப்போது மூன்று சாதிப் பிரிவு. என் மொத்தக் குடும்பத்துக்கும் மூன்றே பொத்தான்.

இந்த ஏற்றத்தாழ்வுதான் எனக்குத் தாங்கவில்லை. வரி கேட்க வரும்போது நம் சமையலறையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்; கருத்துக் கேட்க வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய பாட்டிலில் வருவது சமையல் எண்ணெயா, தலைக்குத் தடவும் எண்ணெயா? கலால் வரிக் காலத்தில் முளைத்த சந்தேகம் இது. சேலம் கலால் ஆணையர் தரப்பு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2018-ல் இரண்டு நீதிபதிகள் கேட்டார்கள். ஒருவர் தாளிக்க என்றார், இன்னொருவர் தலைக்கு என்றார். பிறகு மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, 2024 டிசம்பரில், ‘கூந்தல் எண்ணெய்’ என்று சொல்லி விற்காதவரை சின்ன பாட்டிலும் சமையல் எண்ணெய்தான் என்று தீர்த்துவைத்தார்கள். ஜிஎஸ்டி கணக்கில் அந்தத் தீர்ப்பு 5 சதவீதத்துக்கும் 18-க்கும் உள்ள தூரம். ஒன்பதே மாதத்தில், 2025 செப்டம்பர் 22 முதல், கூந்தல் எண்ணெய்க்கும் 5 என்று ஆக்கிவிட்டார்கள். அத்தனை வருஷ வாதம் எண்ணெய்ப் பிசுக்காய்ப் போனது.

எங்கள் வீட்டில் ஒரே பாட்டில்தான். அவியலுக்கு ஊற்றிவிட்டு, கையில் மிஞ்சியதை அம்மா தலையில் தடவிக்கொள்வாள். உச்ச நீதிமன்றம் அவளைக் கேட்டிருந்தால் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

பொது விவாதம் என்று எதையாவது சொல்லலாமென்றால் அது அண்ணாச்சி கடையில் நடப்பதுதான். தொலைக்காட்சியில் எட்டுப் பேர் எட்டுக் கட்டத்துக்குள் கத்துவதை விவாதம் என்று நான் ஏற்பதில்லை. அதில் பிஸ்கட் வாங்கியவன் ஒருவனும் இல்லை. பிஸ்கட்டுக்கு வரி 18-லிருந்து 5 ஆனபோது, அண்ணாச்சி கல்லாவில் கால்குலேட்டரைத் தட்டி, ஐந்து ரூபாய் பாக்கெட் இனி 4 ரூபாய் 45 காசு வர வேண்டும் என்று கண்டுபிடித்தார்.

“கொடுங்க அண்ணாச்சி, மிச்சம் 55 காசு.”

“அம்பது காசைக் கண்ணால பாத்து எத்தன வருஷமாச்சு சார்? அஞ்சு காசுக்கு நான் எங்க போவேன்? நாலணாவையே 2011-ல செல்லாதுன்னுட்டான்.”

“அப்ப என் வரிக்குறைப்பு?”

பாட்டிலுக்குள் கைவிட்டு ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்துக் கையில் வைத்தார். மத்திய அரசின் வரிச் சீர்திருத்தம் என் நாக்குக்கு நேரடியாக வந்து சேர்ந்த தருணம் அது. அதற்கு எந்தப் பொத்தான்?

பரோட்டாவைச் சொல்லாமல் விட்டால் ஊரில் நடமாட முடியாது. 2020-ல் கர்நாடகத்தில் வரித் தீர்ப்பு ஆணையம் ஒன்று, பாக்கெட் பரோட்டா ரொட்டி இனம் இல்லை, சாப்பிடுமுன் சூடாக்க வேண்டியிருக்கிறது, ஆகவே 18 சதவீதம் என்றது. ரொட்டிக்கு 5. இப்போது இரண்டுக்கும் வரியே இல்லை. ஐந்து வருஷம் கழித்துச் சமரசமான பங்காளிகள். அப்பளத்துக்கு ஆதியிலிருந்தே வரி கிடையாது. வட்ட அப்பளத்துக்கு விலக்கு, சதுர அப்பளத்துக்கு வரி என்று 2021-ல் ஒரு வதந்தி கிளம்பி, வரி வாரியமே ‘வடிவம் ஒரு பொருட்டல்ல’ என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

சரி, ஒன்றோ இரண்டோ அழுத்துகிறோம். அழுத்தியது எங்கே போகிறது? வரியைத் தீர்மானிக்கிற ஜிஎஸ்டி கவுன்சிலில் ஓட்டெடுப்பு நடந்தால் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு; முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பேசியே முடித்துவிடுகிறார்கள். முதன்முதலாக ஓட்டெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில், லாட்டரிச் சீட்டுக்கு எவ்வளவு வரி என்பதற்காக. தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்த சரக்கு.

கருத்துக்கணிப்புக்காரர்களின் ஜாதகமும் அப்படியொன்றும் சிலாக்கியமில்லை. அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை 1936 அதிபர் தேர்தலுக்காக ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி ஓட்டுச்சீட்டு அனுப்பியது. முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவேட்டிலும் எடுத்தது. பஞ்ச காலத்தில் ஃபோனும் காரும் வைத்திருந்தவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? லேண்டன்தான் ஜெயிப்பார் என்றார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். நம் ஊரில் 2004-ல் பிரதமர் வாஜ்பாயின் பதிவுக் குரலே வீடு வீடாக ஃபோனில் வந்தது. எடுத்தவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஆட்சியை மாற்றிவிட்டார்கள். 2024-ல் பல கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன, வந்தது 293. கணித்தவர் ஒருவர் நேரலையிலேயே அழுதுவிட்டார். பாவம், அவரையும் மூன்று பொத்தானுக்குள் அடைத்திருப்பார்கள்.

எப்போதாவது மனிதரே அழைப்பதும் உண்டு. சென்ற மாதம் ஒரு பெண் அழைத்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன்; அம்மா எடுத்துவிட்டாள். ஸ்பீக்கர் போடாமல் அவளுக்குப் பேச வராது. ஆகவே குளியலறைக்கே கேட்டது.

“அம்மா, எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடப் போறீங்க?”

“அதக் கட்டின புருஷன்கிட்டயே சொன்னதில்ல. உங்கிட்டச் சொல்லுவேனா?”

“சரிங்கம்மா. நீங்க வரி கட்டறவங்களா?”

“எனக்கு ஏதுடி வரி? சம்பளமா வாங்குறேன்?”

அன்று காலைதான் பற்பசை, சோப்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் பில் போட்டு வாங்கி வந்திருந்தாள். உள்ளேயிருந்து கத்தினேன், தண்ணீர்ச் சத்தத்தில் எடுபடவில்லை.

“வரி குறைஞ்சதுல உங்களுக்குத் திருப்தியாம்மா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“அது கெடக்கட்டும். மணி ரெண்டாச்சு, நீ சாப்பிட்டியா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு அந்தப் பெண் இன்னும் இல்லை என்றாள். நான் தலை துவட்டி வெளியே வருவதற்குள் அவளுக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம், படிப்பு பி.காம்., முழுசாக முடிந்த அழைப்புக்குத்தான் காசு, பாதியில் வைத்துவிட்டால் கிடையாது, தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், வரன் எதுவும் இப்போதைக்குப் பார்க்கவில்லை என்பது வரை அம்மா வாங்கிவிட்டிருந்தாள். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் எல்லாக் கேள்விக்கும் உண்மையான பதில் கிடைத்த கருத்துக்கணிப்பு அது ஒன்றுதான்.