இரண்டு காது, நாற்பது ஜோடி

(ஆஸ்கர் விழாவுக்கு முந்தைய இரவு. பெவர்லி ஹில்ஸில் ஓர் ஓட்டல் அறை. நடிகை ஒருவரை அலங்கரிக்க வந்த ஸ்டைலிஸ்ட், வெல்வெட் தட்டுகளை மேஜை முழுக்கப் பரப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஒரு தட்டில் நாற்பது ஜோடிக் காதணிகள். நடிகைக்கு இருப்பதோ இரண்டே காது. தனிப் பெட்டியில் பெரிய நிறுவனத்து வைர அட்டிகை. அதற்கு வாசலில் ஒரு காவலாளி. நகைகள் பேசுமா என்று கேட்பவர்கள், விளம்பரத்தில் அவை பேசுவதை மட்டும் எப்படி நம்புகிறார்களோ.)

அட்டிகை: யாரது, பக்கத்துத் தட்டில் முணுமுணுப்பது?

தொங்கட்டான்: நான்தான் பெரியம்மா, வெள்ளித் தொங்கட்டான். மெதுவாப் பேசுங்க, தங்கச்சி இப்பதான் கண்ணசந்தா. கூரியர்ல குலுங்கிக் குலுங்கி உடம்பெல்லாம் வலி.

அட்டிகை: கூரியரிலா! எனக்குத் தனி கார், தனி ஆள், தனி இன்ஷூரன்ஸ். உனக்குத் துணையாக யார் வந்தது?

தொங்கட்டான்: ஒரு சீட்டு. எங்கம்மா கைப்பட எழுதினது. இங்க ஒரு பொண்ணு அதை காபி கப்புக்கு அடியில வச்சிருக்கா, மேஜையில கறை படியாம இருக்க.

அட்டிகை: அம்மா என்றால்?

தொங்கட்டான்: என்னைச் செஞ்சவங்கதான். கார் ஷெட்டுதான் பட்டறை. பொடி வச்சு ஊதுறதும் அவங்கதான், மெருகு போடுறதும் அவங்கதான், பில் எழுதுறதும் அவங்கதான். பணம் வரலைன்னா அழுறதுக்கும் வேற ஆள் கிடையாது.

அட்டிகை: எங்கள் வம்சக் கதையே வேறு. 1944இல் ஜெனிஃபர் ஜோன்ஸ் என்ற நடிகைக்கு நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் வைரங்களை இரவல் கொடுத்தார். ஆஸ்கருக்கு நகை இரவல் கொடுப்பதற்கு அதுதான் பிள்ளையார் சுழி. அன்றைக்கே அந்த நடிகைக்கு விருதும் கிடைத்தது, ஏழைக் கிராமத்துப் பெண்ணாக நடித்ததற்கு.

தொங்கட்டான்: ஏழையா நடிச்சதுக்குப் பரிசு வாங்க வைரம் போட்டுக்கிட்டா போனாங்க?

அட்டிகை: பின்னே, வேஷத்தோடா போவார்கள்? இன்னொன்று கேள். 'டைட்டானிக்' படக் கடைசியில் நீல வைரத்தைக் கடலில் நழுவவிடுவாரே ஒரு பாட்டி, குளோரியா ஸ்டூவர்ட்? 1998 ஆஸ்கருக்கு அவர் நிஜ நீல வைரமே அணிந்து வந்தார். 2 கோடி டாலர் என்றார்கள். வின்ஸ்டன் வீட்டுச் சரக்குதான்.

தொங்கட்டான்: அதையும் தூக்கிப் போட்டிருந்தா?

அட்டிகை: காவலாளி பின்னாலேயே குதித்திருப்பான். 2019இல் லேடி காகா கழுத்தில் டிஃபனியின் மஞ்சள் வைரம், 128.54 காரட். விழா முடிந்ததும் அம்மணி கம்பெனிக்குச் சொல்லாமல் அப்படியே விருந்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து டாக்கோ பெல்லுக்குச் சாப்பிடக் கிளம்பியபோது காரை நிறுத்தி, மரியாதையாகக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தொங்கட்டான்: எங்க ஊர்ல கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டவங்க பந்தியில தலை குனிஞ்சு உட்காருவாங்க. இங்க நிமிர்ந்து நிக்கிறாங்க.

அட்டிகை: இங்கே இரவல் கொடுப்பவனே வாங்குபவருக்குக் கூலியும் தருவதுண்டு. கழுத்துக்கு வாடகை, மணிக்கட்டுக்கு வாடகை. நடிகை சார்லீஸ் தெரான் 2006 முடியும்வரை ரேமண்ட் வீல் கடிகாரம் மட்டுமே கட்டுவதாக ஒப்பந்தம். நடுவில் டெக்சஸில் ஒரு திரைப்பட விழாவில் டியோர் கடிகாரத்தோடு படம் வந்துவிட்டது. 2007இல் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அப்புறம் சமரசம்.

தொங்கட்டான்: எங்கம்மாவும் வாடகை கொடுத்தாங்க பெரியம்மா. கழுத்துக்கு இல்ல, மேஜைக்கு.

அட்டிகை: எந்த மேஜை?

தொங்கட்டான்: விருது சீசன்ல ஓட்டல் ஹால் ஒண்ணைப் பிடிச்சு மேஜை மேஜையாப் பிரிச்சு விடுவாங்க. நம்மள மாதிரி சின்னவங்க காசு கட்டி மேஜை எடுக்கணும். பிரபலங்க வந்து பிடிச்சதை இலவசமா எடுத்துக்குவாங்க. கூட நின்னு ஒரு போட்டோ. அதுதான் நமக்குக் கூலி. ஆனா 'ஆஸ்கர்'ங்கிற வார்த்தையை மட்டும் உச்சரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. 2016ல பரிசுப் பை விநியோகம் பண்ணின ஒரு கம்பெனி மேல ஆஸ்கர் தர்ற அகாடமியே கேஸ் போட்டிருக்கே, அந்தப் பயம்.

அட்டிகை: பிரபலங்கள் வந்தார்களா?

தொங்கட்டான்: வந்தாங்க. என்னிக்கோ ஒரு சீரியல்ல பக்கத்து வீட்டுக்காரரா வந்தவர் வந்தார். அவர் மச்சினி வந்தாங்க. மச்சினியோட சிநேகிதி மூணு ஜோடி எடுத்துக்கிட்டு, "நாலாவது பச்சைக்கல்லுல கிடைக்குமா?"ன்னு கேட்டாங்க.

அட்டிகை: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) அப்படியும் உங்கம்மா உன்னை இங்கே அனுப்பினாளா?

தொங்கட்டான்: 2020 ஆகஸ்ட்ல மிஷெல் ஒபாமா கட்சி மாநாட்டுல பேசினாங்களே, கழுத்துல 'வோட்'னு எழுத்துக் கோத்த சங்கிலி. செஞ்சது லாஸ் ஏஞ்சலஸ்ல பைசாரின்னு ஒரு சின்ன கடை. ராத்திரியோட ராத்திரியா உலகமே அதைத் தேடிச்சு. அன்னிலேருந்து கார் ஷெட்டுல யாருக்கும் தூக்கமில்லை.

அட்டிகை: அது வீடியோப் பேச்சு, குழந்தாய். அந்தக் கழுத்தருகே என்னைப் போல் ஒருத்தி இருக்கவில்லை. இருந்திருந்தால் கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று நினைக்கிறாய்?

தொங்கட்டான்: நீங்க இருக்கிற இடத்துல மோதிரம்கூடப் பொழைக்காதாம். மூணாவது வரிசை மோதிரம் சொன்னார். அவங்க காலத்துல 'ஈ' சேனல் ஒரு பெட்டிக்குள்ள குட்டிச் சிவப்புக் கம்பளம் விரிச்சு விரல்களை மட்டும் நடக்கவிட்டுப் படம் பிடிச்சுதாம். மோதிரக்காரங்களுக்கு அதுதான் பொற்காலம். அப்புறம் 2014 கோல்டன் குளோப்ல நடிகை எலிசபெத் மாஸ் நடு விரலைக் காட்டிட்டாங்க. அடுத்த வருஷம் பெரிய நடிகைங்க பலர் அந்தப் பெட்டிக்குள்ள கையே விடமாட்டேன்னுட்டாங்க.

அட்டிகை: அந்த நடு விரலில் மோதிரம் இருந்ததா?

தொங்கட்டான்: அதைத்தான் அவரும் இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டிருக்கார்.

(மறுநாள் பின்னிரவு. அதே அறை. காவலாளி அட்டிகையைப் பெட்டியில் வைத்து, ரசீதில் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார். தொங்கட்டான் சோப்புக் கிண்ணத்தில் கிடக்கிறது.)

அட்டிகை: நாற்பதில் உன்னையே எடுத்துவிட்டாரே! வாழ்த்துகள்.

தொங்கட்டான்: எடுத்தாங்க. எங்கம்மா போன்லயே குலவை போட்டாங்க. கொண்டை போடுறதாத்தான் பேச்சு. கார் ஏறப்போற நேரத்துல, கொண்டை போட்டா தாடை பெரிசாத் தெரியுதுன்னு முடியை அவிழ்த்து விட்டுட்டாங்க. மூணு மணி நேரம் போர்வைக்குள்ள இருந்த மாதிரி இருந்தேன் பெரியம்மா. வெளியில கைதட்டுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அட்டிகை: நிருபர் கேட்டபோது உன் பெயரைச் சொன்னாரா?

தொங்கட்டான்: உங்க கம்பெனி பேரைச் சொன்னாங்க. அதுலயும் அழுத்தம் திருத்தமா. பாடம் பண்ணியிருப்பாங்க போல.

அட்டிகை: ஒப்பந்தத்தில் உள்ளது. தவறாக நினைக்காதே.

தொங்கட்டான்: ஒரே ஒரு படத்துல காத்தடிச்சு முடி விலகி, பாதி தெரியறேனாம். அம்மா அதைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்துட்டு, கடைப் பக்கத்துல போடணும்னாங்க.

அட்டிகை: ஐயோ, வேண்டாம். படம் போட்டோக்காரனுடையது, முகம் நடிகையுடையது. நடிகை கேத்ரின் ஹைகல் ஒரு மருந்துக்கடைப் பையோடு நடந்து போன படத்தை அந்தக் கடை ட்விட்டரில் போட்டது. 2014இல் 60 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நிஜமாகவே அந்தக் கடையில் சாமான் வாங்கியவர்தான். உன்னை அணிந்தவரோ காசு கொடுத்து வாங்கவும் இல்லை.

தொங்கட்டான்: அப்ப, காதுலதான் இருந்தேன்னு சொல்லவும் முடியாதா?

அட்டிகை: வாயால் சொல்லலாம். அது சரி, நீ மட்டும் இருக்கிறாயே, தங்கை எங்கே?

தொங்கட்டான்: (சற்று நேரம் கழித்து) வலது காதுல இருந்தா. விருந்துல கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்களே, அப்ப விழுந்தாளோ, கார்லதான் விழுந்தாளோ. முடி மறைச்சதால யாருக்கும் தெரியலை. உங்க காவலாளிகிட்டச் சொன்னேன். அவளோட நம்பர் தன் லிஸ்ட்ல இல்லைன்னுட்டார்.

அட்டிகை: உங்கம்மாவுக்குத் தெரியுமா?

தொங்கட்டான்: இப்பதான் போன்ல சொன்னாங்க. அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், ஒத்தைக் காதுல போடுறதுதானே இப்ப ஃபேஷன்னு சொல்லி, 'ஒற்றை'ன்னு பேர் வச்சு, சிவப்புக் கம்பள வரிசைன்னு அடுத்த வாரம் விக்க ஆரம்பிக்கப் போறாங்க.

அட்டிகை: அப்படியா? விலை?

தொங்கட்டான்: ஜோடி விலைதான்.