மேலதிகாரி இல்லாத வானம்

டிசிஎஸ் என்ற கணினி விமான விளையாட்டில் எஃப்-14 போர்விமானம் ஓட்டும் நாற்காலி வீரர்கள் ஃபீனிக்ஸ் ஏவுகணையைப் பொரி மாதிரி வாரி இறைப்பார்கள். 100 கிலோமீட்டரில் ஒரு புள்ளி தெரிந்தால் ஒன்று, சந்தேகத்துக்கு இன்னொன்று. ஒரு ஏவுகணையின் எடை ஏறக்குறைய 450 கிலோ, விலை ஏறத்தாழ 5 லட்சம் டாலர் என்பதெல்லாம் ஆடிட்டர் கவலை.

அமெரிக்கக் கடற்படையோ அதை 1974 முதல் 2004 வரை சுமந்து திரிந்து, போரில் ஏவியது மூன்றே மூன்று. எல்லாம் 1999இல், இராக் வானில். ஒன்றும் படவில்லை. முதல் இரண்டில் ராக்கெட் மோட்டாரே பற்றவில்லை என்கிறார்கள். இந்த எதார்த்தத்தை விளையாட்டில் வைத்தால் 'காசைத் திருப்பிக் கொடு' என்று கூச்சல் கிளம்பும். (ஈரானியர்கள் அதே ஏவுகணையால் ஏராளமான விமானங்களை வீழ்த்தியதாகச் சொல்வது தனிக்கதை.)

நாற்காலி வீரர்கள் காற்றின் இழுவைக் கணக்கில் இரண்டாம் தசமத்துக்காக விடிய விடிய வாதாடுகிறார்கள். அந்தப் புள்ளி எதிரியா, பயணிகள் விமானமா என்று கேட்கும் மேலதிகாரி மட்டும் யாருக்கும் வேண்டாம். வியட்நாமில் அமெரிக்க விமானிகளுக்குத் தொலைதூர ஸ்பாரோ ஏவுகணையைக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் கண்ணால் பார்த்த பிறகே சுடு என்றார்கள். அதை அப்படியே விளையாட்டில் வைத்தால் ரேடாரில் புள்ளி, காதில் 'பொறு', மூன்று மணி நேரம். எவன் வாங்குவான்?