கோடுதான் தப்பு

புது போர்டு பார்சலில் வந்து இறங்கினால் நாங்களெல்லாம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். சார் முகர்ந்து பார்ப்பார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மாடி எங்கள் கம்பெனி. ஹார்டுவேருக்கு அவர், சாஃப்ட்வேருக்கு நான், நடுவில் ஈயம் சொட்டிச் சொட்டி அம்மை போட்ட ஒரு மேசை. இந்த ரகத்து மனிதர், மாதிரி போர்டு செய்கிற கம்பெனி ஒவ்வொன்றிலும் ஒருவர் இருப்பார். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ட்வீசர். நெற்றியில் விபூதி, அதற்கு மேல் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடி. எம்.டி. உட்பட எல்லோருக்கும் அவர் 'சார்'தான்.

முகர்வது எதற்கென்றால், நல்லா இருக்கும்போது என்ன வாசனை என்று தெரிந்தால்தான் கெட்டுப்போனது தெரியுமாம். நானும் சிரித்தவன்தான். ஒருநாள் படியேறும்போதே, "எவன்டா டான்டலத்தைத் திருப்பிப் போட்டது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். உள்ளே பயிற்சிக்கு வந்த பையன் கருகிய கெபாசிட்டரையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

பையன் மேல் குற்றமில்லை. உருளையாக நிற்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரில் கோடு போட்ட பக்கம் மைனஸ். கட்டையாகப் படுத்திருக்கும் டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் ப்ளஸ். டையோடில் கோடு இருக்கும் பக்கம் கேத்தோடு. ஒரே கல்யாணத்துக்கு மூன்று சம்பந்திகள் மூன்று பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தது போல இருக்கிறது. டான்டலம் மாறினால் சும்மாவும் சாகாது, தீப்பிடித்துத்தான் சாகும்.

போர்டுக்கு முதன்முதலாகக் கரண்ட் கொடுப்பது சாருக்குக் குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி. மல்டிமீட்டரை 'பீப்'பில் வைத்து சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தொடுவார். கத்தாவிட்டால், 100 மில்லி ஆம்பியருக்கு மேல் ஏறாதபடி பவர் சப்ளையில் கட்டுப்பாடு வைப்பார். "முதல் நாளே இலை போட்டுச் சாப்பாடா? செத்துரும்." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, மூஞ்சியைத் தள்ளி வை" என்பார். அதற்குப் பிறகே ஸ்விட்ச்.

மீட்டர் கத்திவிட்டதோ, அன்றைக்கு அவருக்குத் திருவிழா. ஷார்ட் எங்கே என்று தேட அவரிடம் ஒரு வித்தை உண்டு. போர்டு முழுக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷால் தடவி, சன்னமாகக் கரண்ட் விடுவார். ஷார்ட் ஆன இடம் சுடும், அங்கே முதலில் காயும். எல்லா இடமும் பளபளவென்று ஈரமாக இருக்க, ஏதோ ஒரு 0.1 மைக்ரோஃபாராட் கெபாசிட்டரைச் சுற்றி மட்டும் பொட்டு அளவுக்கு உலரும். "மாட்டிக்கிட்டான்!" என்பார். அதன் காலடியில் முடி அளவு ஈயம் ஓடியிருக்கும். சொந்தப் பெண்ணுக்கு வரன் அமைந்தபோதுகூட இந்தச் சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்க்கவில்லை.

ஒருமுறை பட்டனே தொடாமல் போர்டு தானாக எண்ணிக்கொண்டிருந்தது. சார் கையை அருகில் கொண்டுபோனால் வேகமாக எண்ணும், எடுத்தால் நிற்கும். பையன் லேசாகப் பயந்துவிட்டான். பேயெல்லாம் இல்லை. புல்-அப் ரெசிஸ்டர் விட்டுப்போய் அந்தப் பின் அந்தரத்தில் தொங்கியது. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் மனித உடம்பை ஆன்டெனாவாக்கி உள்ளே புகுந்துவிட்டது. கண்டுபிடித்ததும் கடுகைவிடச் சின்ன ரெசிஸ்டர் ஒன்றை எடுத்தார். அது ட்வீசரிலிருந்து துள்ளித் தரையில் விழுந்தது. விழுந்தது என்றால் போயிற்று என்று அர்த்தம். ரிச்சி தெருவில் இன்னொரு நூறு வாங்குவதே லாபம்.

இவ்வளவு திறமைக்காரருக்கு ஒரு குணம். எந்தப் பழுதானாலும் முதல் தீர்ப்பு எனக்குத்தான்: "கோடுல பாருங்க தம்பி." சாஃப்ட்வேர்காரர்கள் மேல் அவருக்குப் பரம்பரைக் கோபம். 1947-இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கி, அதை எடுத்து லாக் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்களே, அந்தக் கதையை மாதம் ஒருமுறையாவது சொல்வார். "பூச்சியைப் புடிச்சது ஹார்டுவேர்ல. 'பக்'குனு பேரை வச்சுப் பொழைக்கிறது நீங்க."

போன மாதம் ஐந்து போர்டுகள் வந்தன. பத்துத் தடவை ஆன் செய்தால் மூன்று தடவை கண் விழிக்காது. ஐந்தும் அப்படியே.

"அஞ்சும் ஒரே மாதிரி பண்ணுதுல்ல? டிரை சால்டர்னா ஒண்ணு ரெண்டுதான் பண்ணும். கோடுதான் தப்பு தம்பி, சந்தேகமே இல்லை."

மறுக்க முடியாத வாதம். மூன்று நாள் என் கோடை வரிவரியாக அலசினேன். அந்தப் பழுதுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு தப்புகள் கிடைத்தன. திருத்திக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம், டீ வாங்கிக் கொடுத்து, "ரீசெட் பின்னில் ஒரு தடவை ஸ்கோப் வையுங்க சார்" என்று கெஞ்சினேன். எனக்காக வைக்கிற மாதிரி வைத்தார். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 1 மைக்ரோஃபாராட் கெபாசிட்டர் மெதுவாக நிரம்ப வேண்டும். அந்தப் பத்து மில்லி செகண்டுக்குள் சப்ளை நிலைத்துவிடும், அப்புறம்தான் சிப் எழ வேண்டும். திரையில் சப்ளையும் ரீசெட்டும் கைகோத்துக்கொண்டு ஒன்றாக ஏறின.

சார் டீயைக் கீழே வைத்தார். பூதக்கண்ணாடியை இறக்கினார். ஆஃப் செய்யும்போது கெபாசிட்டரைக் காலி செய்ய ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு டையோடு உண்டு. அது திரும்பி உட்கார்ந்து, ஆன் செய்த கணமே கெபாசிட்டரை நிரப்பிக்கொண்டிருந்தது. போர்டில் அச்சடித்த அடையாளமே எதிர்ப்பக்கம் இருந்தது. அதைப் பார்த்து மாட்டினால் ஐந்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். லேஅவுட் போட்டதும் சார், மாட்டியதும் சார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டையோடின் மேலிருந்த வெள்ளைக் கோட்டை ட்வீசர் முனையால் தொட்டுக் காட்டினார்.

"முதல் நாளே சொன்னேனே தம்பி. கோடுதான் தப்பு."