பன்னிரண்டு வே ராச்சியம்

மட்டக்களப்பில் கலியாணம் கட்டிய ஆணுக்குச் சொந்த வீடு கிடைப்பது அபூர்வம். வீடு பெண்ணுக்குத்தான். தாய்வழிச் சொத்துரிமையைச் சொன்ன முக்குவச் சட்டம் நீதிமன்றங்களில் வழக்கொழிந்து நூறு வருசத்துக்கு மேலாகிறது. வழக்கம் மட்டும் ஒழியவில்லை. கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை வீட்டு உறுதிகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் மகளின் பெயர்தான் இருக்கும். மாப்பிள்ளை இரண்டு பை உடுப்போடு வந்து குடியேறுகிறவன். நானும் அப்படித்தான் வந்தேன். சுவருக்கு என்ன நிறம், கிணற்றுக்கு மூடி வேண்டுமா, முன்னுக்கு மாமரமா கொய்யாவா என்று என்னிடம் ஒருவரும் இன்றுவரை கேட்டதில்லை.

கரண்ட் பெட்டி மட்டும் விதிவிலக்கு. அது என் திறமைக்குக் கிடைத்த மரியாதை அல்ல. மாமிக்கும் மனைவிக்கும் அதைத் தொடப் பயம். ஆகவே அது ஆம்பிளை வேலை ஆயிற்று.

வீடு, 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு மாமா கட்டியது. பழைய கூரை பறந்த கோபத்தில் சுவரை ஒன்றரை மடங்கு தடிப்பாக எழுப்பியிருந்தார். கரண்ட் விஷயத்தில் மட்டும் மனுசன் துணிச்சல்காரர். மரப்பலகையில் நாலு வெள்ளைப் பீங்கான் பியூஸ். ஒவ்வொரு முறை பியூஸ் போகும்போதும் உள்ளே கட்டும் கம்பி கொஞ்சம் தடிக்கும். முதலில் கடையில் வாங்கிய பியூஸ் கம்பி. பிறகு பழைய வயரிலிருந்து உருவிய செம்பு நூல் ஒன்று. பிறகு மூன்று நூல் முறுக்கியது. இராத்திரி அவசரத்துக்குச் சிகரெட் பெட்டி ஈயத்தாள். மாமா கண்ணை மூடியபோது அந்தப் பலகை எந்த நிலைக்கு வந்திருந்ததென்றால், வீடு எரிந்தாலும் பியூஸ் எரியாது.

எர்த் கம்பி ஒன்று சுவருக்குள் புறப்பட்டு எங்கேயோ காணாமல் போயிருந்தது. அதனால் பிரிட்ஜின் கைப்பிடியைத் தொட்டால் விரல் 'விர்' என்று உதறும். இதற்கு எங்கள் வீடு கண்ட பரிகாரம், பிரிட்ஜுக்கு முன்னால் நிரந்தரமாக ஒரு சோடி ரப்பர் செருப்பு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வரும் வீட்டில், குளிர்தண்ணி குடிக்க மட்டும் செருப்புப் போட வேண்டும். வந்துபோகிறவர்கள் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து, மரியாதையாகச் சுற்றிப் போவார்கள்.

கடைசியில் பலகையை மாற்றுவதென்று முடிவாயிற்று. முடிவெடுத்தது மனைவி. பெட்டியைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பிக்கிற எனக்கு உலகப் படத்தில் மின் உற்பத்தி நிலையங்களைக் குறிக்கத் தெரியும்; அவை உற்பத்தி செய்வது வீட்டுக்குள் வந்தபின் என்ன செய்யும் என்று தெரியாது.

இந்த நேரம் பார்த்து ரொறொன்ரோவிலிருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நிலக்கீழ் அறைச் சுவரில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி; திறந்தால் இரண்டு பக்கமும் நெடுக பிறேக்கர்கள். "200 அம்பியர் மச்சான். நீயும் பெரிசாப் போடு." படத்தைப் பார்த்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் ஹாட்வெயார் கடையில் போய் நின்றேன். "எத்தின வே அண்ணன்?" என்று கேட்டான் பொடியன். 'வே' என்றால் என்னவென்று தெரியாதவன் சொல்லக்கூடிய ஒரே பதிலைச் சொன்னேன்: "இருக்கிறதில பெரிசு."

24 வே பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது வயரிங் செய்ய வந்த தம்பி வாசலில் நின்றான். என்னிடம் படித்த பிள்ளை. என்விகியூ தொழிற்சான்றிதழ் எடுத்தவன். பெட்டியைப் பார்த்தான், மீற்றரைப் பார்த்தான்.

"சேர், றோட்டிலயிருந்து உங்கட வீட்டுக்கு வாறது 30 அம்பியர். ஓலை வீட்டுக்குக் கோபுர வாசல் என்னத்துக்கு?"

பிறகு நான் படிப்பித்த வகுப்பில் ஒருநாளும் இல்லாத தெளிவோடு அவன் எனக்குப் படிப்பித்தான். 230 வோல்ட்டை 30 அம்பியரால் பெருக்கினால் 6900 வாட். கேத்தல் ஒன்றே 2000 வாட் குடிக்கும். அயன் பொக்ஸ் 1000, தண்ணி மோட்டர் ஒரு குதிரைவலு என்றால் 750 அளவில், ரைஸ் குக்கர் 700, சின்ன அறை ஏசி 1000. எல்லாம் ஒன்றாக ஓடினாலும் எல்லைக்குள்தான். கனடாக்காரர்களுக்குப் பெட்டிதான் பெரிது. அங்கே சாதாரண ப்ளக்கில் வருவது 120 வோல்ட்தான். அவர்களுடைய கேத்தல் 1500 வாட்டோடு நின்றுவிடும். இதைக் கேட்டதும் மச்சானுக்கு உடனே செய்தி அனுப்பினேன்: 'உன் பெட்டி பெரிசு. ஆனா எங்கட தேத்தண்ணி முந்தும்.' இரண்டு நீல ரிக் வந்தது, பதில் வரவில்லை.

அடுத்த வாக்குவாதம் பிறேக்கர். எல்லாவற்றுக்கும் 32 அம்பியர் போட்டால் அடிக்கடி விழாதே என்பது என் கட்சி. மாமாவின் இரத்தம் எனக்கில்லாவிட்டாலும் அவருடைய தத்துவம் எப்படியோ ஒட்டியிருந்தது. தம்பி ஒரு துண்டு வயரை வெட்டி எண்ணச் சொன்னான். ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர், கடையில் 7/0.67 என்பார்கள், மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர். அதற்கு 20 அம்பியர் பிறேக்கர். லைற்றுக்குப் போகும் மெல்லிய வயருக்கு 6. அதற்குமேல் போட்டால் பிறேக்கர் விழாது, சுவருக்குள் வயர் சூடேறும்.

"பிறேக்கர் வயரப் பாக்கும் சேர். ட்ரிப் சுவிட்ச்தான் ஆளப் பாக்கும்."

"மருமகனப் பாக்கிற ஒண்டு இருக்கா?" என்று கேட்டேன். தம்பி சிரிக்கவில்லை. மாமி பக்கத்தில் நின்றார்.

ட்ரிப் சுவிட்ச் செய்யும் வேலை சாமானியமானதல்ல. லைனில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி அம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவரின் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு விழுந்துவிடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் டால்சியல் என்ற பேராசிரியர், மனம் ஒப்பி வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எவ்வளவு கரண்ட் வரை விடமுடிகிறது என்று அளந்து பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி அம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்குமேல் போனால் விட நினைத்தாலும் கை விடாது. அப்படியானால் 30 கூடத்தானே என்று தம்பியை மடக்கினேன். "அளவு மட்டும் இல்ல சேர், நேரம். 0.3 செக்கனுக்குள்ள விழுந்திரும்." என் மாணவர்களை நான் 'உட்கார்' என்று சொல்லும் அதே குரல்.

ஆள் தொடுவதற்கு முன்பே அது விழ வேண்டுமென்றால் எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். எர்த்தை மின்சாரம் தருகிறவர்கள் கொண்டுவந்து தருவதில்லை. அவரவர் வளவில் அவரவர்தான் செம்புக் கம்பி அடிக்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற எங்கள் வளவில் கொஞ்சம் தோண்டினாலே ஈரம், கச்சான் காத்து அடிக்கிற ஆடியிலும் காயாது. நான் சுத்தியலை ஓங்கியபோது கம்பி மணலுக்குள் தானாகவே இறங்கியதைப் பார்த்து, என் பலத்தைப் பற்றி மனைவிக்கு ஒரு நல்ல அபிப்பிராயம் வந்தது. நான் திருத்தவில்லை.

பெட்டி இரும்பா, பிளாஸ்டிக்கா? மச்சானைப் போல இரும்பு வேண்டுமென்றுதான் ஆசை. எங்கள் உப்புக்காற்றில் கேற் கொளுவி இரண்டு மாரிக்கு நிற்காது. ஆகவே பிளாஸ்டிக்; பல்லியும் சிற்றெறும்பும் புகாமல் ஓட்டைகளை அடைத்தது. மாமி பெட்டி அக்கினி மூலையில்தான் வரவேண்டுமென்றார். தம்பி அங்கே தண்ணிக் குழாய் ஓடுகிறதென்றான். இருவருக்கும் நடுவே விறாந்தையில் நின்றிருந்த எனக்கு நேரே மேலே அது பூட்டப்பட்டது.

கடைசியாக ஒரு விஷயம், இதில் மட்டும் தம்பி சொன்னதைக் கேட்டு என் மூளையும் வேலை செய்தது. மாரியில் கேற் லைற்றுக்குள் தண்ணி போனால் போதும், ஒரே ட்ரிப் சுவிட்ச் உள்ள வீட்டில் அடுப்படியிலிருந்து அறை வரை எல்லாம் இருட்டு. ஆகவே இரண்டு போட்டோம்: வெளி லைற்றும் மோட்டரும் ஒன்றில், வீட்டுக்குள் எல்லாம் மற்றதில். மெயின் சுவிட்சுக்கு இரண்டு இடம், ட்ரிப் இரண்டுக்கும் நாலு, பிறேக்கர் ஆறு. ஓர் இடம் ஒரு வே; ஆக, சரியாக 12 வே. 24 வே பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. மனைவி அதில் தையல் நூல் வைத்திருக்கிறார்.

புதுப் பெட்டி பூட்டிக் கொஞ்ச நாளில் 2025 பெப்ரவரி 9 வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்குப் பிறகு கரண்ட் நின்றது.

"இஞ்சேருங்க, உங்கட பெட்டி விழுந்திட்டு!"

ஓடிப்போய்த் திறந்தால் எல்லாச் சுவிட்சும் மேலேதான் நிற்கிறது. ஆனாலும் கடமைக்கு ஒவ்வொன்றாகக் கீழே தட்டி மேலே தூக்கினேன். வேலிக்கு மேலால் அயல் சனம் எட்டிப் பார்த்தது. அங்கேயும் கரண்ட் இல்லை, எல்லார் பார்வையும் என் மீது. பிறகுதான் கைபேசியில் செய்தி: நாடு முழுக்க இருட்டு. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டதாக எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி சொல்லியிருந்தார். ஞாயிறு என்பதால் பாவனை குறைவு, வெயிலால் சூரியசக்தி மின்சாரம் அதிகம், அதனால்தான் அந்த அதிர்ச்சியை வலையமைப்பால் தாங்க முடியவில்லை என்று மின்சார சபை பிறகு விளக்கியது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்று, அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலம் கரண்ட் வெட்டும் வந்தது.

இதெல்லாம் பிறகு. அன்று பகல் நான் செய்தியைச் சத்தமாக வாசித்தேன்: "கரண்ட் பெட்டியில ஒரு குரங்கு கைவச்சதாம்."

மாமி கைவிசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அங்கயுமா?"

உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சில் 'T' என்று ஓர் எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அதை அழுத்துங்கள். கரண்ட் இருக்கும்போதுதான் அது வேலை செய்யும். அழுத்தியதும் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். அழுத்துவதற்கு முன், உள்ளே யாராவது நாடகம் பார்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.