புல் தின்ற தலைநகரம்

கேள்வி: குப்லாய் கானின் ஷாங்து நகரம் இன்று உள் மங்கோலியாவில் ஆடு மேயும் புல்வெளி. மங்கோலியருக்கு நகரத்தைக் கட்டிக் காக்கத் தெரியவில்லையா?

பதில்: தெரியாமலா 1256-இல் மதிலெழுப்பி, 1260-இல் குப்லாய் அங்கேயே அரியணை ஏறினார்? ஆனால் அது கோடைக்கான தலைநகரம். குளிர் எட்டிப் பார்த்ததும் அரசவை பெய்ஜிங்குக்கு மூட்டை கட்டிவிடும். அவ்வளவு பேர் தின்னும் தானியம் தெற்கிலிருந்து வண்டியேறி வரவேண்டும். ஊருக்குத் தன் சோறு கிடையாது. ‘1358-இல் செந்தலைப்பாகைக் கிளர்ச்சியாளர்கள் கொளுத்தியதால்தானே அழிந்தது?’ என்பீர்கள். பெய்ஜிங்கை 1215-இல் மங்கோலியரே சூறையாடினார்களே, அது எழுந்துவிட்டதே! அதைச் சுற்றி வயல் இருந்தது. ஷாங்துவுக்கு வடக்கே ஹுன்ஷண்டாக் மணல்வெளி, மழையும் சொற்பம். கலப்பை வைத்தால் மேல்மண் காற்றோடு போய்விடும், மேய்ச்சலுக்கோ நிலம் தாங்கும். பின்னாளில் சீனாவின் சிங் பேரரசர்கள் சாகர் மங்கோலியரைக் ‘கொடி’ எனும் நிர்வாக அலகுகளாகப் பிரித்து இங்கே மந்தை வளர்க்க விட்டார்கள். மாவட்டம் இன்றும் ‘நீலக்கொடி’தான். ஊர் வளரவில்லையே என்று வருந்துவோர் ஒன்றைக் கவனிக்கலாம்: 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஷாங்துவைச் சேர்த்தபோது மதில்களின் மண்மேடும் அரண்மனை அடித்தளமும் அளந்து பார்க்கும்படி அப்படியே கிடந்தன. மேலே நாலு அடுக்குமாடி எழுந்திருந்தால் யுனெஸ்கோவுக்கு அங்கே என்ன வேலை?