ரெண்டு மடங்கு வேகத்துல ஒரு வாத்தியாரு

ஏங்கண்ணு, அந்த ஹெட்போனைக் கழட்டி அக்கட்ட வெச்சுட்டு இப்படித் திண்ணையில உக்காரு. நிறுத்தி நிறுத்திக் கேக்கற பட்டனெல்லாம் எங்கிட்டக் கெடையாது. ஒருக்காத்தான் சொல்லுவேன், காதுல வாங்கிக்க.

சிஎன்சி லேத்துல ஆபரேட்டரா நின்னது போதும், புரோகிராம் எழுதற ஆளாகோணும்னு இண்டர்நெட்ல படிக்கறயாமா. உங்கம்மா பெருமை தாங்காம ஒறம்பரைக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. எத்தனை கோர்ஸுக்குப் பேரு குடுத்திருக்கறான்னு கேட்டா, கைவிரல் பத்தாம கால்விரலுக்குப் போறா. எத்தனை முடிச்சிருக்கறான்னு கேட்டா, "காப்பி வெக்கட்டுங்களா மாமா"ன்னுட்டு உள்ள போயிர்றா.

வெசனப்படாத சாமி, உனக்குத் துணை உலகம் பூரா இருக்குது. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்தின இணைய வகுப்புகளை ஆராஞ்சு 2019-ல 'சயன்ஸ்' பத்திரிகையில எழுதியிருந்தாங்க. பேரு குடுத்தவங்கள்ல பாதிக்கு மேல வகுப்பு வாசலையே மிதிக்கலயாமா. 2017-18-ல கடேசி வரைக்கும் போயி முடிச்சவங்க நூத்துக்கு மூணு சொச்சம். அதே வருசம் சர்டிபிகேட்டுக்குன்னு காசு கட்டினவங்கள்ல நூத்துக்கு 46 பேரு முடிச்சுப்போட்டாங்க. அறிவுக்கண்ணு தொறக்கறதுக்கு முன்னால மணிபர்ஸ் தொறக்கோணும் போல இருக்குது. "அப்பாரு, காசு கட்டறவன் முடிக்கோணும்னு மொதல்லயே முடிவு பண்ணினவன், அதனால முடிக்கறான்"னு நீ நாயம் பேசுவ. பேசு. அப்ப நீ இன்னும் முடிவே பண்ணலைன்னு உன் வாயாலயே ஆச்சா?

ஒன்னும் மண்டையில ஏறாம படிக்கறதுக்குன்னு ஒரு மொறை இருக்குதப்பா, அதுல நீ தேறிட்ட. கட்டல்ல மல்லாந்து படுத்துக்கோணும். வாத்தியாரை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட உடோணும். பாவம், அந்த மனுசன் மூச்சு வாங்கறது எனக்கே இங்க கேக்குது. நோட்டுப் புஸ்தகம் கூடவே கூடாது. அவரு சொல்லச் சொல்ல மண்டையை ஆட்டி "புரிஞ்சுது, புரிஞ்சுது"ங்கோணும். மறக்காம லைக் போடோணும். அப்பறம் அடுத்த வீடியோ. சந்தையில மாட்டைப் பாத்துட்டு வந்தவன் ஊட்டுல பால் கறந்தேன்னு சொன்ன கதைதான்.

இந்தப் 'புரிஞ்சுது' இருக்குது பாரு, அதை நம்பாத. ரோடிகர், கார்ப்பிக்கின்னு அமெரிக்காவுல ரெண்டு பேரு 2006-ல ஒரு சோதனை பண்ணினாங்க. ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சுது. இன்னொரு கூட்டம் படிச்சுட்டு, மூடி வெச்சு, ஞாபகத்துல இருந்ததை எழுதிப் பாத்துது. அஞ்சு நிமிசம் கழிச்சுக் கேட்டப்ப படிச்ச கூட்டம் முன்னால நின்னுது. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, எழுதிப் பாத்த கூட்டந்தான் நின்னுது. இத்தனைக்கும் 'எங்களுக்கு மறக்காது'ன்னு எச்சா நம்பிக்கை வெச்சிருந்தது மொதல் கூட்டம். அவங்களும் உன்னாட்டமே மண்டையை ஆட்டியிருப்பாங்கன்னு நெனைக்கறேன்.

சரி, உன் தொழிலுக்கே வாரேன். நேத்து நீ எழுதின ஃபேசிங் புரோகிராமை எங்கிட்டக் காட்டினயே, ஜி96, எஸ்200-ன்னு போட்டிருந்த. ஜாபோட விட்டம் கொறையக் கொறைய மிஷினே சுத்தைக் கூட்டிக்கும். கை லேத்துல நான் பெல்ட் மாத்தின வேலையை அது தானே பாத்துக்குது, சந்தோசம். அதுக்கு முன்னால ஜி50 எங்கன்னு கேட்டேன். "வீடியோவுல அப்படித்தான் போட்டாங்க அப்பாரு"ன்ன.

கணக்குப் போட்டுப் பாத்தயா? வெட்டற வேகம் நிமிசத்துக்கு 200 மீட்டரு. அதை ஆயிரத்தால பெருக்கி, விட்டத்தையும் பையையும் பெருக்கி வந்ததால வகுக்கோணும். 50 மில்லி விட்டத்துல 1,273 சுத்து வருது. டூலு உள்ள போயி 10 மில்லிக்கு வந்தா 6,366. நடு மையத்துக்குப் போறப்ப எங்க போயி நிக்கும்? மிஷினு எத்தனை முடியுமோ அத்தனையும் சுத்தும். ஜி50 போட்டு 'இதுக்கு மேல சுத்தாத'ன்னு கட்டி வெக்கலீன்னா, சக்குப் புடி தளந்து ஜாபு பறக்கும். வீடியோ வாத்தியாரு அப்பவும் சிரிச்ச மொகமாவே பேசிட்டிருப்பாரு. அவரு மேல எதுவும் வந்து விழாது பாரு.

இன்னொன்னு. எக்ஸ்50-ன்னு எழுதி, புள்ளியை உட்டுப்போட்ட. இணையத்துல படம் போட்டுக் காட்டற சிமுலேட்டர்ல பாத்தேன், கோடு அழகா வந்துதுங்கற. அது 50 மில்லின்னு எடுத்துக்கிச்சு. ஃபேனக் கன்ட்ரோல் செட்டிங்கைப் பொறுத்து, புள்ளி இல்லாத 50 வெறும் 50 மைக்ரான் ஆயிரும். சிமுலேட்டருக்கு உன் மிஷினோட கொணம் தெரியாது. அதனாலதான் மொதல் ஜாபைச் சிங்கிள் பிளாக்ல, ரேப்பிடைக் கொறைச்சு, விரலை நிறுத்தற பட்டன் மேல வெச்சுட்டு ஓட்டுன்னு உங்க செட்டர் கத்தறாரு. அவரைப் பழைய ஆளுன்னு சொல்லிட்டு ஊட்டுக்கு வந்து யூடியூப் பாக்கற.

இண்டர்நெட்டே ஆகாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? கான் அகாடமி ஆரமிச்சதே ஒரு ஊட்டுச் சமாச்சாரந்தான். சல்மான் கான் பாஸ்டன்ல இருந்தாரு. நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த ஒறவுக்காரப் புள்ளை நாடியாவுக்கு அலகு மாத்தற கணக்கு வரலை. 2004-ல போன்லயும், யாஹூ டூடுல்ல கிறுக்கியும் சொல்லிக்குடுத்தாரு. ஒறம்பரைப் புள்ளைக கூட்டம் சேந்து போயி, 2006-ல யூடியூப்ல வீடியோவாப் போட்டாரு. 'உங்களை நேர்ல கேக்கறதுக்கு இதுவே தேவலை'ன்னுட்டாங்களாமா அந்தப் புள்ளைக! நிறுத்தலாம், திருப்பிக் கேக்கலாம், 'இதுகூடத் தெரியலையா'ன்னு யாரும் மொறைக்க மாட்டாங்க. அந்த வசதி எனக்கு இருந்திருந்தா எங்க மேஸ்திரிகிட்ட இத்தனை ஏச்சு வாங்கியிருக்க மாட்டேன். ஆனா ஒன்னைக் கவனி. அந்தப் புள்ளை கோர்ஸ் தேடி வரலை. ஒரு எடத்துல சிக்கிக்கிச்சு, அந்தச் சிக்கலைக் கொண்டுட்டு வந்துது.

நீயும் அப்படிப் போ. ஷிஃப்டுல எந்த ஜாபு உன்னை முழிக்க வெச்சுதோ, அந்தக் கேள்வியை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஊட்டுக்குக் கொண்டா. அதுக்கு மட்டும் வீடியோ தேடு. அடிப்படை வேணும்னா ஐஐடிக்காரங்களும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் 2003-ல ஆரமிச்ச என்பிடெல் இருக்குது. பாடம் இலவசம், பரீட்சைக்குத்தான் பணம். அந்தப் பணத்தைக் கட்டிரு, அப்பத்தான் எந்திரிப்ப. சுத்துக் கணக்குக்கு ஒரு அட்டவணை போடோணும்னா, பாம்பே ஐஐடியோட ஸ்போக்கன் டுட்டோரியல்ல லிப்ரே ஆபீஸ் கால்க் தமிழ்லயே சொல்லித் தாராங்க. ஒரு பக்கம் வீடியோ, மறுபக்கம் சாப்ட்வேர், அவங்க செய்யச் செய்ய நீயும் செய்யோணுங்கறது அவங்க மொறை. மல்லாந்து படுத்துட்டு அதைச் செய்ய முடியாது, எனக்கு அதனாலயே புடிக்கும். ஆன்லைன்ல ட்யூசன் எடுக்கற ஆளுக்குக் காசு குடுக்கறதா இருந்தா, பாடம் நடத்தச் சொல்லாத. உன் புரோகிராமை அனுப்பி, தப்புக் கண்டுபுடிக்கச் சொல்லு. "ஜி50 எங்க"ன்னு கேக்கத் தெரிஞ்சவன் வாத்தியாரு.

இப்ப ஒரு கேள்வி, போனைத் தொடாமச் சொல்லு. உன் மிஷினுக்கு ஜி50-ல எத்தனை போடுவ? முழிக்கற. அது எந்த கோர்ஸுலயும் இல்ல கண்ணு. எத்தனை சுத்துக்கு மேல போகக் கூடாதுன்னு உன் சக்கு மேலயே பொறிச்சிருப்பான். அதைத் தாண்டவே கூடாது. ஜாபோட நீளம், கனம், புடிமானம் பாத்து இன்னும் கொறைக்கோணும். அதைப் படிக்கப் பேரும் பதிய வேண்டாம், சப்ஸ்கிரைப்பும் பண்ண வேண்டாம். குனிஞ்சு பாத்தாப் போதும்.

மிஷினு நின்னதுக்கப்பறம் குனி ராசா. அதையும் நானே சொல்ல வேண்டியிருக்குது.